பீரோ சாயும் அறை

அருங்காட்சியகத்துப் பதிவேட்டில் அவளுக்கு 'காட்சிக்கூட உதவியாளர், நிலை இரண்டு' என்று பெயர். அப்படி அவளை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. வருகிற பிள்ளைகள் 'குலுக்கல் அக்கா' என்றார்கள். பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்களும், பெரியவர்களைப் பார்த்து வாசல் காவலாளியும் அப்படியே கூப்பிட்டுப் பழகி, பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவள் குலுக்கல் அக்கா ஆகிவிட்டாள். பரிசுச் சீட்டு குலுக்குகிறவள் போலிருக்கிறது என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் தப்பில்லை. ஆனால் அவள் குலுக்கியது சீட்டை இல்லை, ஒரு முழு அறையை.

அறிவியல் அருங்காட்சியகத்தின் கீழ்த்தளம் முழுவதும் பேரிடர்க் கூடம். நுழைந்ததும் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பொம்மை ஊர் இருக்கும். பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றினால் தண்ணீர் ஏறும். எந்தத் தெரு முதலில் முழுகுகிறது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் புயல் கூண்டு. உள்ளே போகிறவர்கள் சீவின தலையோடு போய் பிசாசு அடித்த தலையோடு வெளியே வருவார்கள். அடுத்தது புகை நடை. வாசனை இல்லாத வெள்ளைப் புகை, நிமிர்ந்தால் ஒன்றும் தெரியாது, தவழ்ந்துதான் வரவேண்டும். இத்தனையும் தாண்டிக் கடைசியில் நில நடுக்க அறை. கூட்டம் என்னவோ அங்கேதான். மற்ற இடத்தில் எல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், இங்கே சும்மா உட்கார்ந்தால் போதுமே.

பார்த்தால் நம் வீட்டுக் கூடம் மாதிரிதான் இருக்கும். நடுவில் ஒரு பெரிய மேசை, சுற்றி எட்டு நாற்காலி, சுவரோரம் ஓர் இரும்பு பீரோ, தட்டு அலமாரி, டிவி, சுவர்க் கடிகாரம். தரைக்குக் கீழே நான்கு இரும்புக் கைகள் இருந்து தரையை அப்படியே பிடித்து உலுக்கும். அவள் நிற்பது அதே தரையில், மூலையில், சுவரில் பதித்த பச்சைப் பொத்தானுக்கும் சிவப்புப் பொத்தானுக்கும் பக்கத்தில். பச்சையை அழுத்தினால் ஆடும். நாற்பது வரை எண்ணிச் சிவப்பை அழுத்தினால் நிற்கும். எந்திரமே தானாக நிற்கும்படி செய்திருக்கலாம். ஆனால் யாராவது மயங்கி விழுந்தால் பாதியில் நிறுத்த ஓர் ஆள் வேண்டுமே, அதற்குத்தான் அவள்.

"கீழே குனியுங்க, மேசைக்கு அடியில போங்க, தலைய மூடிக்குங்க, மேசைக் காலக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்று முதலில் சொல்லிக்கொடுப்பாள். எட்டுப் பேரில் ஒருவராவது முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்துச் சிரித்தபடி, "பயப்படாதீங்க, நாப்பதே செகண்டுதான், நான் இருக்கேன்" என்பாள். இது எழுதிக்கொடுத்த பாடத்தில் இல்லாத வரி. அவளே சேர்த்துக்கொண்டது. அந்த வரியைக் கேட்டதும் வெளுத்த முகத்தில் ரத்தம் திரும்புவதை அவள் பார்த்திருக்கிறாள். அதனால் அந்த வேலையிலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஒரு வரிதான்.

அறை அந்த ஆட்டம் ஆடும், ஆனால் ஒரு கரண்டிகூடக் கீழே விழாது. திறந்த முதல் மாதத்தில் ஒரு பூஜாடி உருண்டு யாருடைய கால் விரலிலோ விழுந்து, அவர் நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார். அதோடு சரி. மறுவாரமே பீரோவைத் தரையோடும் சுவரோடும் சேர்த்து உள்பக்கமாகத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பசை வைத்து அலமாரியில் ஒட்டினார்கள். ஒட்டியது இவள்தான். பெருமையாக ஒட்டினாள். கடிகாரத்துக்கு மூன்று ஆணி, டிவிக்கு இரும்புப் பட்டை. அதற்குப் பிறகு பதிமூன்று வருஷம், ஒரு நாளைக்குப் பதினெட்டு காட்சி, ஒரு புகார் கிடையாது. காட்சி முடிந்ததும், "வீட்டுக்குப் போனதும் மொத வேலையா பீரோவச் சுவரோட சேத்து முடுக்கிடுங்க" என்று எல்லோரிடமும் சொல்லி அனுப்புவாள். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பீரோ விழுந்து ஒருவரும் பார்க்கவில்லையே, தலையாட்டுவதோடு நின்றுவிடும்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். நில நடுக்கமும் புளித்துத்தான் போயிற்று. கணக்குப் போட்டால் அறுபதாயிரம் தடவைக்கு மேல் அவள் காலடியில் தரை ஆடியிருக்கிறது. முதல் வாரம் வாந்தி எடுத்தாள். இரண்டாம் வருஷம் ஆடுகிற தரையில் நின்றுகொண்டே சாயங்காலத்துக்கு என்ன சமைக்கலாம் என்று யோசித்தாள். ஐந்தாம் வருஷம் அந்த யோசனைகூட இல்லை. வாய் ஒரு பக்கம் அரைத்த மாவை அரைக்கும், மனசு ஒரு பக்கம் எண்ணும், கை நாற்பதில் போய்ச் சிவப்பை அழுத்தும்.

அவளுக்கு ஒரு தங்கை. ஐந்து வயது இளையவள். அம்மா வேலைக்குப் போய்விடுவதால் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது இவள்தான். வளர்ந்த பிறகு அந்தத் தங்கை யாருக்கும் அடங்காத வாயாடி ஆனாள். வாடிக்கையாளர்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற தொழில். அவர்கள் நீலம் கேட்டால், "ஒங்க சுவருக்கு நீலம் செத்த வீடு மாதிரி இருக்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பாவம், வாயே திறக்க மாட்டார். திறந்தாலும் அவள் காதில் வாங்குவதில்லை. அக்கா சொன்னால் மட்டும் மறுபேச்சுக் கிடையாது. நில் என்றால் நிற்பாள், உட்கார் என்றால் உட்காருவாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, திங்கட்கிழமை தோறும் தங்கை வந்துவிடுவாள்.

அந்தத் திங்கட்கிழமையும் வந்தாள். அக்காவின் சீருடைச் சட்டையில் பை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. "இத மாட்டிக்கிட்டா ஊருக்குப் பாடம் நடத்துற?" என்று கேட்டுவிட்டு, சட்டையைப் பிடுங்கிக்கொண்டு, தரையில் கால் நீட்டி, பீரோவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். அக்காவின் புருஷன் அச்சகத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். பகல் பதினொன்றரை மணி இருக்கும். அக்கா நின்றபடியே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

தரை ஆடியது.

தங்கை சட்டென்று நிமிர்ந்து, "அக்கா?" என்றாள். கையைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கப் போனாள். அவளுக்கு நாலடி தூரத்தில் சாப்பாட்டு மேசை இருந்தது. நல்ல கனமான மரம்.

அக்கா சிரித்தாள். இதைத்தான் அவள் பிற்பாடு ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, "பயப்படாத, நாப்பதே செகண்டுதான், நான் இருக்கேன்" என்றாள். கை தன் பாட்டுக்குப் போய், இடுப்பு உயரத்தில் சுவரைத் தடவியது. அங்கே சிவப்புப் பொத்தானைத் தேடியது. வீட்டுச் சுவரில் சிவப்புப் பொத்தானுக்கு எங்கே போவது? அவள் தேடினாள். மனசு எண்ணத் தொடங்கிவிட்டது: ஆறு, ஏழு, எட்டு.

அக்கா சிரித்ததைப் பார்த்த தங்கை ஊன்றிய கையை எடுத்துக்கொண்டு திரும்பச் சாய்ந்து உட்கார்ந்தாள். "நீ சொன்னா சரி" என்றுகூடச் சொன்னாள்.

பத்தொன்பதில் பீரோ விழுந்தது.

மொத்தம் முப்பத்தொரு வினாடிதான் ஆடியதென்று மறுநாள் செய்தியில் சொன்னார்கள். அவள் நாற்பது வரை எண்ணினாள். முப்பத்தொன்றில் தரை நின்ற பிறகும், பீரோவுக்கு அடியில் சட்டையின் ஒரு கை மட்டும் தெரிந்துகொண்டிருந்தபோதும், எண்ணிக்கை நிற்கவில்லை. நாற்பது ஆன பிறகுதான் அவள் ஓடினாள். மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது அந்த பீரோவை.

ஊருக்குப் பெரிய சேதமில்லை. இரண்டு மதில் சுவர், ஒரு தண்ணீர்த் தொட்டி, எங்கோ ஒரு பழைய கிடங்கு, மற்றபடி விரிசல்கள். செத்தவர்கள் ஒன்பது பேர். பேப்பரில் ஒன்பது படமும் போட்டிருந்தார்கள். தங்கை படம் மூன்றாவது.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையிலே. அவள் வீட்டு பீரோவுக்கு வாங்கிய இரும்புக் கொக்கிகள் நான்கு வருஷமாக மேசை இழுப்பறையில் காகிதம் பிரிக்காமல் கிடந்தன. எல்லாம் முடிந்த மறுவாரம் அவள் புருஷன் அவற்றை எடுத்து, நசுங்கிய பீரோவைச் சுவரோடு சேர்த்து முடுக்கினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவருக்கும் ஏதாவது ஒன்று செய்யவேண்டியிருந்தது, பாவம். அவள் பக்கத்தில் நின்று திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். தங்கை புருஷன் வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவள் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள். டம்ளர்களைக் கழுவினாள். "இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்காளே, மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு வேகுறா போலிருக்கு" என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. உள்ளே எதுவும் வேகவில்லை. அங்கே அடுப்பே எரியவில்லை. அதுதான் அவளுக்கு வினோதமாக இருந்தது. எப்படி நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள நடந்துடுச்சு" என்று சொன்னாள். பத்தொன்பது வினாடியில் ஒருத்தி எழுந்து நாலடி நடந்து மேசைக்கு அடியில் போய், தலையை மூடி, மேசைக் காலைப் பிடித்த பிறகும் மிச்ச நேரம் இருக்கும். இது இந்த உலகத்தில் யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, அவளுக்குத் தெரியும்.

விரிசல்களைப் பூசிவிட்டு மூன்று மாதத்தில் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். கூட்டம் அலைமோதியது. முன்பெல்லாம் ராட்டினம் ஏறுகிற மாதிரி வந்தவர்கள் இப்போது வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இயக்குநர் நல்ல பெண்மணி, கொஞ்சம் அவசரக்காரி. இவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்கள விட இதச் சொல்ல யாருக்குத் தகுதி இருக்கு? உங்களால முடியும்னா மட்டும் வாங்க" என்றார்.

"முடியும் மேடம்."

"கஷ்டமா இருந்தா வேற ஆளப் போடுறேன்."

"கஷ்டம் ஒண்ணும் இல்ல மேடம்."

நிஜமாகவே கஷ்டமாக இல்லை. பச்சையை அழுத்தினாள், ஆடியது. எண்ணினாள், சிவப்பை அழுத்தினாள், நின்றது. வெளுத்த முகங்களைப் பார்த்து, "பயப்படாதீங்க, நாப்பதே செகண்டுதான், நான் இருக்கேன்" என்று வாய் சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது சொன்னோம் என்று. முதல் நாள் பதினெட்டு தடவையும் சொன்னாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடப் பிள்ளைகளை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு, வேனை வெளியே நிறுத்திவிட்டுத் தங்கை புருஷன் வந்தார். பதிமூன்று வருஷத்தில் அவர் அந்த அறைக்கு வந்ததே இல்லை. கடைசிக் காட்சி. அவர் ஒருவர்தான்.

"உக்காருங்க தம்பி" என்றாள்.

பீரோவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேசைக்கு அடியில் போகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், ஆனால் போகவில்லை. பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் வாய் அவரிடமும் அந்த வரியைச் சொன்னது. தரை ஆடியது. அவர் நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு பீரோவையே பார்த்தபடி இருந்தார். நின்றது.

"இது ஏன் விழல?" என்று கேட்டார்.

"முடுக்கியிருக்கு தம்பி."

"அந்தத் தட்டெல்லாம்?"

"பசை போட்டு ஒட்டியிருக்கு."

"எதுவுமே விழாதா?"

"எதுவும் விழாது."

அவர் எழுந்துபோய் ஒரு தட்டை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்தார். ஏன் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சொல்ல வேண்டும் என்று தவித்துக் கிடந்தவளும் இல்லை. அவர் தட்டை இழுத்த விதம், வராமல் போனதும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்ட விதம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை எழுந்திருக்கப் போனதை, தான் சிரித்ததை, என்ன சொன்னாள் என்பதை, கை சுவரில் எதைத் தேடியது என்பதை, பத்தொன்பதை, நாற்பதை. கடையில் சாமான் பட்டியல் படிக்கிற குரலில் சொன்னாள்.

 தரைக்கு அடியில் இரும்புக் கைகளிலிருந்து எண்ணெய் இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப அவ பயப்படல" என்றார்.

"பயப்படல."

"என் பேச்ச ஒரு நாளும் கேட்டதில்லக்கா அவ. உங்க பேச்சுன்னா தட்டமாட்டா."

அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னார். எழுந்து போய்விட்டார். கத்தியிருந்தால், ரெண்டு அறை அறைந்திருந்தால்கூட அவளுக்கு ஏதாவது உறைத்திருக்குமோ என்னவோ.

மறுநாள் காலையில் கூடம் திறப்பதற்கு முன்பே வந்து நின்றார். இரவெல்லாம் தூங்கவில்லை என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. "எனக்கு மட்டும் சொன்னாப் பத்தாதுக்கா. இங்க வந்து உக்கார்றவங்க எல்லாத்துக்கும் சொல்லுங்க. அந்த பீரோவ விழ வையுங்க. அது வரைக்கும் என்கிட்ட பேசாதீங்க."

பேசச் சொன்னால் பேசாமல் இருந்துவிட்டு, பேசாமல் இருக்க வேண்டிய நேரத்தில் ஒரே மூச்சில் இத்தனையும் பேசுகிறவர்தான் அந்த மனுஷர். இவள் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். பீரோ விழவேண்டும் என்றாள். இயக்குநர் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். பூஜாடிப் புகாரை ஞாபகப்படுத்தினார், காப்பீடு, பொறுப்பு, குழந்தைகள் என்று அடுக்கினார். அப்போது இவள் தன் தங்கை கதையை இரண்டாம் தடவையாகச் சொன்னாள். இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "பதிமூணு வருஷமா நாம என்ன சொல்லிக்கொடுத்திருக்கோம்?" என்றார். கேள்வி மாதிரி இருந்தாலும் அதற்குப் பதில் வேண்டியிருக்கவில்லை.

கீழ்த்தளத்து எந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் ஒருவர் உண்டு, எதைக் கேட்டாலும் முதலில் முடியாது என்பவர். "முடியவே முடியாது, எவன் மண்டையாவது ஒடைஞ்சா என் வேலையில்ல போகும்" என்று சொல்லிவிட்டு, ஆறே நாளில் செய்து முடித்தார். பீரோவின் அடியில் ஒரு கீல், பின்னால் ஒரு கம்பி, அதைப் பிடித்து நிறுத்த ஒரு தடை. பீரோவுக்கு முன்னால் இருந்த நாற்காலியை மேசையின் மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தில் யாரும் உட்கார முடியாதபடி ஒரு துணி மூட்டையை வைத்தார்கள். பத்தொன்பதாவது வினாடியில் பீரோ சாயும். மூட்டைக்கு ஒரு ஜாண் உயரத்தில் வந்து நிற்கும். தட்டுகளின் பசையை அவளே சுரண்டி எடுத்தாள். பீங்கானுக்குப் பதில் தகரத் தட்டு வைத்தார்கள், விழுந்தால் காதைப் பிளக்கும்.

மக்கள் அலறினார்கள். ஒரு பெரியவர் வெளியே வந்து, "இத்தன நாள் ஏன்யா இத மறைச்சு வெச்சீங்க?" என்று காவலாளியைப் பிடித்துக்கொண்டார். காவலாளிக்கு என்ன தெரியும்?

ஆடி முடிந்ததும், எட்டுப் பேரும் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்ததும், அவள் சொல்லுவாள். "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா" என்று ஆரம்பிப்பாள். முதல் நாள் முதல் காட்சியில் குரல் தடுமாறியது. அப்பாடா, வருகிறது, என்று அவளுக்குள் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. மூன்றாவது காட்சியில் தடுமாறவில்லை. தங்கை புருஷன் ஒரு நாள் வந்து வாசலில் நின்று கேட்டுவிட்டு, போகும்போது, "சாப்டீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான், பேச்சு வார்த்தை திரும்பிவிட்டது.

நான்கு மாதம் போனது. ஒரு நாளைக்குப் பதினெட்டு தடவை. எந்த இடத்தில் ஜனங்கள் மூச்சை இழுத்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. 'நான் சிரித்தேன்' என்று சொல்லுமிடத்தில் கொஞ்சம் நிறுத்தினால் நன்றாக எடுபடுகிறது என்று கண்டுபிடித்தாள். நிறுத்தினாள். அடுத்த கூட்டம் காத்திருந்தால் இரண்டு வாக்கியத்தைக் குறைத்தாள். 'நீ சொன்னா சரி' என்று தங்கை சொன்னதை ஒரு நாள் விட்டுப் பார்த்தாள், விட்டாலும் ஒன்றும் குறையவில்லை. பிறகு அதைச் சேர்க்கவே இல்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாயங்காலத்துக்கு என்ன சமைக்கலாம் என்று யோசனை ஓடியது. இதைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வருகிறதல்லவா? எனக்கும்தான் வந்தது. ஆனால் கல் மாதிரி ஆகிப்போனவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

ஒரு வெள்ளிக்கிழமை, பதினோராவது காட்சி. சொல்லி முடித்தாள், "வீட்டுக்குப் போனதும் மொத வேலையா பீரோவ முடுக்கிடுங்க" என்று கதவைத் திறந்தாள். எல்லோரும் எழுந்தார்கள். நடுத்தர வயசுப் பெண் ஒருத்தி மட்டும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். குரலைத் தணித்து, மரியாதையாகத்தான் கேட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க. நல்லா சொன்னீங்க. இது நெஜமா நடந்ததா, இல்ல எங்களுக்குப் புரியணும்னு வெச்சிருக்கிற கதையா?"

குலுக்கல் அக்கா வாயைத் திறந்தாள். எல்லாக் கேள்விக்கும் அந்த வாயில் பதில் தயாராக இருக்கும். மேசை இல்லாத வீடானால் என்ன செய்வது, மாடியில் இருந்தால் என்ன செய்வது, தூக்கத்தில் வந்தால் என்ன செய்வது. இதற்கு இல்லை.

"என்ன கேட்டீங்க?" என்றாள்.

அந்தப் பெண் பயந்துபோய், "ஒண்ணுமில்லீங்க, விடுங்க" என்றாள்.

"இல்ல, நடந்ததுதான். என் தங்கச்சிதான்." இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "நூல் அறுக்கக் கத்திரிய எடுக்கவே மாட்டா. பல்லாலதான் கடிப்பா. பல்லு போயிடும்டின்னு திட்டுவேன். அன்னிக்கும் திட்டினேன். டீ குடுத்தா முக்காவாசி குடிச்சிட்டு மிச்சத்த அப்படியே வெச்சிடுவா, அப்புறம் குடிக்கிறேம்பா, குடிக்கவே மாட்டா. அன்னிக்கு வெச்ச டீ..."

 அந்த டம்ளரை யார் கழுவியது? அவள்தான் கழுவியிருக்க வேண்டும். எல்லா டம்ளரோடும் சேர்த்து, இது தங்கை குடித்து வைத்த மிச்சம் என்றுகூடப் பார்க்காமல், கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் எதிரில்.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுதாள். அடக்க ஒடுக்கமான அழுகை இல்லை. அடிவயிற்றிலிருந்து, மூக்கு ஒழுக, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் அழுதாள். "என் பேச்சக் கேட்டுட்டாளே, என் பேச்சக் கேட்டுட்டாளே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பெண் கைப்பையைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாசல்வரை போன மற்ற ஏழு பேரும் திரும்பி வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அவர்களில் ஒருவர் போய்க் கதவைச் சாத்தினார்.

வெளியே வரிசையில் நின்றவர்கள் நேரமாகிறதென்று கதவைத் தட்டினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.